நேப்பாளத்தில் சொன்ன சாட்சி

நேப்பாளத்துக்கு ஊழியம் செய்யப் போய், ரயிலிலும் பஸ்ஸிலும் இடுப்பொடிந்து திரும்பி வந்த ஜோதிக்கு வீட்டில் ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆளில்லை. மண்ணூர் ஸ்டாப்பில் இறங்கி, பங்குனி வெயிலில், கன்டெய்னர் லாரிகள் கிளப்பிவிட்ட புழுதியைத் தின்றுகொண்டு பையும் கையுமாக நடந்து வந்தவளை மாமியார் பாப்பம்மாள் ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசலில் குந்தி கருவாடு கழுவிக்கொண்டிருந்தவள், அலசின தண்ணியை ஜோதியின் காலடியிலேயே விசிறி ஊற்றினாள்.

“இன்னா அத்த இது, ஆளு வர்றது கண்ணுக்குத் தெரியல?”

“எனுக்கு நல்லாத்தான் தெரியுது. உனுக்குத்தான் போன எடத்துல கண்ணு அவிஞ்சு பூட்டுது.”

கிழவிக்கு இவள் சபைக்குப் போவதே பிடிக்காது, அந்தக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டு ஜோதி உள்ளே போனாள். உள்ளே புருஷன் வசந்தகுமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கையை எப்போதும்போல துண்டுக்கு அடியில் வைத்திருந்தான். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போன கை அது. வீட்டு ஆட்களிடம்கூட அதைக் காட்ட மாட்டான்.

மாசிக் கடைசியில் இவளை ரயிலேற்றிவிட்டவனே அவன்தான். அங்கே குளிரும் என்று யாரிடமோ கேட்டு ஸ்வெட்டர் வாங்கி வந்து கொடுத்தான். “உன் சாமி உன் சாமியாவே இருக்கட்டும், எனுக்கு ஒன்னும் இல்ல. எந்தக் காலத்துல நீ வெளிநாடு பாக்கப் போற, போய்ட்டு வா” என்று சொன்ன மனுஷன். இப்போது சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

“அங்க மைக்க புடிச்சுகினு இன்னா சொன்ன?”

“எங்க?”

“நேப்பாளத்துலதான். அழுதுகினே சொன்னியே, இன்னா சொன்ன?”

“உன் கைய பத்தி சொன்னேன். பிரஸ் மிஷின்ல மாட்டிச்சு, சீழ் வச்சிச்சு, மணிக்கட்டோட எடுக்கணும்னு டாக்டருங்க சொன்னாங்க, சபைல ஜெபம் பண்ணோம், கை நின்னுச்சு. அதான் சொன்னேன்.”

“அவ்ளோதானா?”

“வேற இன்னா கீது சொல்றதுக்கு?”

அவன் இடது கையால் போனைத் தள்ளிவிட்டான். அதில் வீடியோ ஓடியது. செங்கல் சூளை, சிவப்புப் புழுதி, தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பொம்பளைகள். நடுவில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜோதி. கண்ணில் தண்ணி கொட்டுகிறது, வாய் அசைகிறது, குரல் மட்டும் அவளுடையதில்லை. பாஸ்டர் மோகன்ராஜின் இந்திதான் மடமடவென்று போய்க்கொண்டிருந்தது.

“என் கொரல் எங்க?” என்றாள் ஜோதி. முதலில் கேட்கத் தோன்றியது அதுதான்.

“உன் சபைக்காரங்க வெட்டிக் கடாசிட்டாங்க. இந்திக்காரங்க பாக்கறதுக்கு தனியா போட்டுகீறாங்களாம்.” அவன் மாடியைப் பார்த்துக் கத்தினான். “பாபு! கீய வா.”

இந்தப் பக்கத்தில் வடக்கத்தி ஆட்கள் குடியில்லாத வீடு கிடையாது. நிலத்தைச் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த காசில் மாமனார் நடேசன் மாடியில் வரிசையாக ரூம் கட்டிவிட்டுச் செத்துப்போனார். அதில் ஒரு ரூமில் பெண்டாட்டியோடு இருக்கிறவன் பீகார்க்காரன் பாபு. வசந்தகுமார் வேலை பார்த்த அதே பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில், அதே லைனில், கான்ட்ராக்ட் ஆள். வந்தவன் ஜோதியைப் பார்த்ததும் வாசலோடு நின்றுவிட்டான்.

“எனுக்குச் சொன்ன இல்ல, அத இவளுக்குச் சொல்லு.”

“வேணாம் அண்ணா.”

“சொல்லு பாபு,” என்றாள் ஜோதி.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். “என் புருசன் பெரிய குடிகாரன். டெய்லி குடி. குடிச்சுட்டு என்னை அடிக்கும். அன்னைக்கும் குடிச்சுட்டுதான் டூட்டி போச்சு. போதையில மிஷின்ல கை விட்டுச்சு. கடவுள் கோபம் வந்து ரெண்டு விரல் எடுத்துச்சு. அப்புறம் பாட்டில் எல்லாம் உடைச்சுட்டு இப்ப ஏசு சாமிகிட்ட வந்துச்சு. இதான் அக்கா. பாஸ்டர் சொல்றது இதான்.”

ஜோதி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அடப்பாவி மனுஷா! எந்த வாயால் சொன்னான்? பொங்கலுக்கு ஒரு பீர், மச்சான் கல்யாணத்தில் ஒரு பீர், அதைத் தாண்டி அறியாதவனை, பெண்டாட்டியை நாளது வரைக்கும் கைநீட்டி ஒரு அடி அடிக்காதவனை, எங்கோ நேப்பாளத்து மண்ணில் நிற்கவைத்துக் குடிகாரப் பட்டம் கட்டியிருக்கிறான். அதுவும் அவள் முகத்தை வைத்து, அவள் கண்ணீரை வைத்து.

“உன்ன நானே ரயிலேத்தி உட்டேன் பாரு,” என்றான் வசந்தகுமார். “திங்கக்கெழம எங்கொயரி கடைசி. தெரியுமில்ல?”

தெரியாமலா இருக்கும்? அந்த வீடு இத்தனை நாளும் அந்த ஒரு தேதிக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காமல் நிறுத்துகிற சென்சார் ஒன்று மிஷினில் இருக்கும். அது அடிக்கடி நிறுத்தினால் புரொடக்‌ஷன் குறையும் என்று சூப்பர்வைசர் அதைக் கட்டிவைக்கச் சொன்னான். கட்டிவைத்த மிஷின்தான் வசந்தகுமாரின் விரலை எடுத்தது. கம்பெனியோ, இவன் குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தான், தப்பு இவன்மேல்தான் என்று சொல்லி வெளியே நிறுத்திவைத்து விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. குடித்தான் என்று சொல்ல அவர்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை. அது இல்லாமல் விசாரணை முடிந்தால் ஸ்டோரிலோ குவாலிட்டியிலோ உட்காருகிற வேலை கொடுத்தே ஆகவேண்டும். குடிகாரன் என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டால், விரல் இல்லாதவனை ஒரகடத்திலிருந்து மறைமலை நகர் வரைக்கும் எந்தக் கம்பெனி கேட்டுக்குள் விடும்?

“வனமாமல போன் பண்ணான்,” என்றான். வனமாமலை கம்பெனியின் ஹெச்ஆர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். “‘என்னவே, நாங்க சொன்னா பொய்ங்கீரு, இப்ப உம்ம வீட்டம்மாவே அழுது சொல்லுதாங்கல்லா’ன்னு கேக்கறான். நான் இன்னா பதில் சொல்லட்டும், நீயே சொல்லு. லைன்ல கீற இந்திப் பசங்க பூரா பாத்துட்டானுங்க. எவனோ அவனுக்கும் அனுப்பிகீறான்.”

வாசலிலிருந்து பாப்பம்மாள் கத்தினாள். “எம் புள்ள வாய்ல ஊத்திவுட்டது நானுன்னு சொல்லலையா? அதையும் சொல்லிட்டு வர்றதுதானே! ஊரு ஊரா போய் புருசன அம்பலத்துல ஏத்தறதுக்குப் பேரு ஊழியமாடீ?”

ஜோதிக்கு வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். கிழவி கேட்டதில் தப்பே இல்லை.

மோகன்ராஜ் பாஸ்டராகப் பிறக்கவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர்தான். வடக்கத்திப் பையன்களை அதட்டி வேலை வாங்கியதில் வந்த இந்தி அது. பிறகு அழைப்பு வந்தது என்று வேலையை விட்டுவிட்டு வல்லம் வடகால் போகிற வழியில் தகரக் கூரை போட்டு சபை நடத்தினார். முன்வரிசையில் நம் ஊர் ஜனங்கள், பின்வரிசையில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லாத வடக்கத்தி ஆட்கள். யார் தமிழில் சாட்சி சொன்னாலும் பக்கத்தில் நின்று வரிக்கு வரி அவரே இந்தியில் சொல்லுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆளும் மோசமில்லை. வசந்தகுமார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்தக்காரன் எட்டிப்பார்க்காத நேரத்தில் ராத்திரி பகல் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அந்த நன்றிதான் ஜோதியைச் சபைக்குக் கொண்டுபோனது.

கம்பெனி கேன்டீனில் அண்டா அண்டாவாக சாம்பார் வைக்கிறவள் என்பதால், நேப்பாளத்துக்குப் போகிற குழுவில் சமையலுக்கு இவளைச் சேர்த்தார்கள். இந்தியாக்காரனுக்கு அங்கே போக பாஸ்போர்ட்டே வேண்டாமாம், வோட்டர் ஐடியைக் காட்டினால் போதுமாம். பார்டரைத் தாண்டியதும் எல்லாவற்றிலும் கடுகெண்ணெய் வாசம். அந்த ஓரத்து ஜனத்துக்கு இந்தி நன்றாகவே புரிந்தது. சூளைக்குப் பக்கத்தில் கல் அடுப்பு மூட்டி, பச்சை விறகு புகையில் கண்ணெரிய, இவள் பருப்பும் சோறும் பொங்கினாள். சூளையில் மண் மிதிக்கிற பொம்பளைகளின் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேன் பார்த்தாள், வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றினாள். மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு பெண்குழந்தை இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. செய்த வேலைக்கு இப்படிச் சந்தோஷம் வரும் என்று ஜோதி அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

கடைசி நாள் சாயங்காலம் பாஸ்டர் கூப்பிட்டார். “சிஸ்டர், நீங்க சாட்சி சொல்லணும்.”

“எனுக்கு மைக்ல பேசி பழக்கமில்ல பாஸ்டர்.”

“ஆண்டவர் பேசுவார், நீங்க வாய மட்டும் தொறங்க. ஆமா, உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?”

“பொங்கலு, கல்யாணம்னா ஒரு பீரு குடிப்பாரு. அவ்ளோதான்.”

“அது போதும்,” என்றார் அவர்.

என்ன போதும் என்று இவள் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. இவள் ஒரு வரி சொன்னாள், அவர் ஒரு வரி சொன்னார். பொம்பளைகள் விம்மி அழுதார்கள். ஒருத்தி எழுந்து வந்து இவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கேயோ மண்ணூரில் போன ரெண்டு விரலுக்காக, முகம் தெரியாத இந்த ஜனம் அழுகிறதே என்று ஜோதி பூரித்துப்போனாள். வரும் வழியெல்லாம் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் அழுதது அவரவர் வீட்டுக் குடிகாரனுக்காக என்று இப்போதல்லவா தெரிகிறது!

அன்றைக்குச் சாயங்காலமே சபைக்குப் போனாள். பாஸ்டர் மறுநாள் ஆராதனைக்காக நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி இந்திராணி டீ கொண்டுவந்தாள்.

“டீ வாணாம். என் புருசன் எப்ப பாஸ்டர் குடிச்சுட்டு டூட்டிக்குப் போனாரு?”

அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைக் கீழே வைத்தார். “உக்காருங்க சிஸ்டர்.”

“உக்காரலாம் வரல. எப்பப் போனாரு?”

“இல்லம்மா, சாட்சின்னா அதுக்கு ஒரு முன்ன, ஒரு பின்ன இருக்கணும். இருட்டு எவ்ளோன்னு சொன்னாத்தான் வெளிச்சம் தெரியும். மிஷின்ல சென்சார் இருக்கும், அத கட்டி வச்சிருந்தாங்கன்னு சொன்னா அந்த சூளைக்காரிக்கு இன்னா புரியும்? குடின்னா உலகத்துக்கே புரியும்.”

“அதுக்கு என் புருசன்தான் கெடச்சாரா?”

“எவ்ளோ பேர் அழுதாங்கன்னு நீயே பாத்த இல்ல? அந்த ராத்திரி எத்தினி பேர் ஜெபத்துக்கு வந்தாங்க? அந்த அழுகை பொய்யா சொல்லு?”

“அழுகை நெசந்தான். என் புருசன்தான் பொய்யா பூட்டாரு. நான் சென்சார் கட்டி வச்சிருந்தாங்கன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க.”

“அத இந்தில சொன்னீங்களா?”

பாஸ்டர் கீழே வைத்த நாற்காலியை எடுத்து வரிசையில் போட்டார்.

“திங்கக்கெழம எங்கொயரிக்கு வாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லாட்டி என் கொரலோட இருந்த வீடியோவ குடுங்க.”

“அது இல்லம்மா, போன் ஃபுல்லாயிடுச்சுன்னு அழிச்சாச்சு. இதையும் எடுத்துடறேன், இப்பவே எடுத்துடறேன்.”

“எடுத்து இன்னா பண்ண? கம்பெனிக்காரன் எடுத்து வச்சுகினு கீறான்.”

“கொஞ்சம் யோசிங்க சிஸ்டர். நான் போய் பொய் சொன்னேன்னு கம்பெனில நின்னா விசுவாசிங்க எவ்ளோ பேர் இடறிப்போவாங்க? ஊழியமே நாறிப்பூடும். ஆண்டவர் வசந்தகுமாருக்கு வேற வழி தொறப்பார். நாம எல்லாம் சேர்ந்து ஜெபம் பண்ணலாம்.”

“வழி தொறந்துதான் இருந்துச்சு. நீங்கதான் வந்து சாத்தினீங்க.”

“கோவத்துல பேசாதம்மா. சென்சார் கட்டறது இன்னா புதுசா? எல்லா கம்பெனிலயும் நடக்கறதுதான். டார்கெட்னு மேலேர்ந்து கழுத்துல கத்தி வைப்பான், சூப்பர்வைசர் இன்னா பண்ணுவான்? நானே கூட...”

அத்தோடு நிறுத்திக்கொண்டார். இந்திராணி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“நீங்களே கூட இன்னா பாஸ்டர்?”

அவர் காது சிவந்துபோயிருந்தது. அங்கே நேப்பாளத்தில், அந்த ஒரு வரி மட்டும் ஏன் அவர் வாயில் நுழையவில்லை என்பது ஜோதிக்கு விளங்கிவிட்டது. சூளைக்காரிக்குப் புரியாதாம்! புரியாதது யாருக்கு? வந்த ஆத்திரத்துக்கு அங்கிருந்த நாற்காலியைத் தூக்கி அடித்திருப்பாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷன் என்கிற ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்தாள். ஒருவேளை அந்த உறுத்தலில்தான் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தானோ என்று வழியில் நினைப்பு வந்தது. அதில் கோபம் இன்னும் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள். “நாளைக்கு சபைக்கு வா.”

“நானா? உனுக்கு பைத்தியம்தான் புடிச்சுகிது.”

“கும்பிட வாணாம். போன எடுத்துகினு வா. பாபுவையும் கூட்டிகினு வா.”

ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரை அடுப்பு மாதிரி காய்ந்தது. மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பின. பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்ததும் ஜோதி எழுந்தாள். நேப்பாளத்துக்குப் போய் வந்தவள் என்று முன்வரிசை கை தட்டியது. பாஸ்டர் வேறு யாராவது கை தூக்குகிறார்களா என்று அப்படியும் இப்படியும் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. கை தட்டுகிற கூட்டத்தின் முன்னால் மைக்கை எப்படிக் கொடுக்காமல் இருப்பது? கொடுத்துவிட்டு, தன் மைக்கோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“என் வூட்டுக்காரருக்கு பிரஸ் மிஷின்ல ரெண்டு வெரல் பூட்டுச்சு,” என்றாள்.

அவர் இந்தியில் சொன்னார்.

“சபைல எல்லாரும் ஜெபம் பண்ணீங்க. கை நின்னுச்சு.”

சொன்னார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றது கூட்டம்.

“அவுரு அன்னிக்குக் குடிக்கல.”

பாஸ்டர் வாயைத் திறந்தவர் வாசலைப் பார்த்தார். அங்கே வசந்தகுமார் நின்றிருந்தான். இடது கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தான். தோளில் துண்டு இல்லை. ரெண்டு விரல் இல்லாத வலது கை எல்லோரும் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாபு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

“சொல்லுங்க பாஸ்டர். தப்பா வந்தா பாபு கீறாரு, திருத்துவாரு.”

எல்லோருடைய தலையும் திரும்பியது. பாஸ்டர் இந்தியில் சொன்னார். பாபு தலையாட்டினான்.

“என்ன ஒருநாளும் அடிச்சதில்ல. நேப்பாளத்துலயும் நான் அப்டி சொல்லல. பாஸ்டர்தான் மாத்திச் சொன்னாரு.”

முன்வரிசை சலசலத்தது. யாரோ ஒரு பெரியவர், “போதும்மா, உக்காரும்மா” என்றார். ஜோதி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. மெதுவாக, அதையும் சொன்னார். பாபு தலையாட்டினான்.

“மிஷின்ல சென்சார கட்டி வச்சிருந்தாங்க. கட்டச் சொன்னது சூப்பர்வைசர்.”

இதை அவர் இந்தியில் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒரு சத்தம் எழுந்தது. ஆமாம் ஆமாம் என்று ஒருத்தன், எங்கள் லைனிலும்தான் என்று இன்னொருத்தன். முன்வரிசையில் நல்ல சட்டை போட்ட சூப்பர்வைசர்கள் ரெண்டு மூன்று பேர் குனிந்து பைபிளைப் புரட்ட ஆரம்பித்தார்கள். வசந்தகுமார் போனை இறக்கவில்லை. அவனுக்கு வேண்டியது வந்துவிட்டது. நாளைக்கு வனமாமலை முன்னால் வைக்க இது போதும். ஜோதி மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவாள் என்று பாஸ்டரும் நினைத்தார்.

அவள் இறங்கவில்லை.

“நானும் சூப்பர்வைசரா இருந்தப்போ சென்சார கட்டச் சொல்லிகீறேன்,” என்றாள்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கேன்டீனில் சாம்பார் வைக்கிறவள் எப்போது சூப்பர்வைசரானாள்? ரெண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. பக்கத்து அறை வாசலில் நின்ற இந்திராணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜோதி மைக்கை ஒதுக்கிவிட்டு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “உங்க பேச்ச என் வாய்ல போட்டீங்க இல்ல? இது உங்க பேச்சுதான். நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க.”

வெளியே ஒரு லாரி போய் முடிந்தது. மோகன்ராஜ் மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்வரிசையைப் பார்த்தார், பார்க்க முடியாமல் முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

“அது சிஸ்டர் இல்ல,” என்றார் தமிழில். “நான்தான். நான் லைன்ல இருந்தப்போ கட்டச் சொன்னேன். ஒரு பையன் கை போச்சு. குடிச்சிருந்தான்னு எழுதிக் குடுத்தேன்.”

ஒரு கிழவி பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். மோகன்ராஜின் கண்ணிலிருந்து தண்ணி வழிந்தது. மைக்கைக் கீழே வைக்கப் போனார்.

பின்வரிசை ஆட்கள் ஒன்றும் விளங்காமல், எப்போதும்போல அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“இந்திலயும் சொல்லுங்க பாஸ்டர்,” என்றாள் ஜோதி.